கடல், கம்பெனி, கத்தார், பட்டறை: எதில் எவ்வளவு மிஞ்சும்?

அக்கா மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசித் தேர்வை எழுதி முடித்துவிட்டான். படிக்கும்போதே சென்னைக்கு அருகே ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி நேர்காணலுக்குப் போய் வந்தான். எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். இருபத்தைந்தாயிரம் என்று சொல்லியிருக்கிறான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"கூடப் படிச்சவனோட அண்ணன் அவ்வளவு வாங்குறாராம் மாமா. குறைச்சுச் சொன்னா மதிக்க மாட்டாங்கல்ல?"

கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் ஆண்டுக்கு 2,18,400 ரூபாய் என்று இருந்தது. அன்று இரவே ராமேசுவரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம் வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. கத்தாருக்கு அனுப்பிவிட்டால் கடன் அடையும் என்பது அக்காவின் எண்ணம். அம்மாவுக்குப் பேரன் தாலுகா ஆபீஸில் உட்கார வேண்டும். மச்சான் இருபத்தெட்டு வருடமாக விசைப்படகில் போகிறவர். "கடல் என்னோட போகட்டும்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பையனிடம் கேட்டால், பாம்பனில் ஒரு மெக்கானிக் தன் படகு இன்ஜின் பட்டறைக்குக் கூப்பிடுகிறார் என்கிறான், மெதுவான குரலில்.

நான் ஆறு வருடம் துபாயில் இருந்தேன். இப்போது படகு இன்ஜின் உதிரிப் பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். இந்த வழிகள் எல்லாவற்றிலும் போனவர்களை அருகிருந்து பார்த்தவன் என்பதால், ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டேன். இதே குழப்பத்தில் இருக்கும் வேறு வீடுகளுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில், செய்தித்தாளில் வரும் சராசரிச் சம்பளத்தைப் பற்றி. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புப்படி, 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் மாதச் சம்பளக்காரர் ஒருவரின் சராசரி வருமானம் 21,103 ரூபாய். தினக்கூலிக்குப் போகிறவரின் சராசரி நாள் கூலி 433 ரூபாய். இதைப் படித்துவிட்டு, நம் பையனுக்கும் இருபத்தொன்று கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பத்துப் பேரில் ஒன்பது பேர் 12,000 வாங்கி, ஒருவர் ஒரு லட்சம் வாங்கினால் சராசரி 20,800 வந்துவிடும். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 20,800 வாங்கவில்லை. எல்லோரையும் சம்பள வரிசைப்படி நிறுத்தி நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டால்தான் நிலவரம் தெரியும். அது போக, அந்தச் சராசரியில் ஓய்வு பெறப் போகிறவரின் சம்பளமும் சேர்ந்திருக்கிறது. வேலைக்குச் சேரும் நாளில் கையில் வருவதை அது சொல்லாது.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு செய்தி உண்டு. 2017 ஜூலை-செப்டம்பரில் மாதச் சம்பளம் 16,538, நாள் கூலி 294. ஏழு வருடத்தில் மாதச் சம்பளம் 28 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும், நாள் கூலி 47 சதவீதமும் ஏறியிருக்கின்றன. விலைவாசி ஏறிய அளவுக்கு மாதச் சம்பளம் ஏறவில்லை. மாதச் சம்பளம் என்றாலே மேல் என்ற நம் ஊர் நினைப்பை நான் மறுபடி யோசித்தது இதைப் பார்த்த பிறகுதான்.

கடலில் இருந்து தொடங்குகிறேன், மச்சான் வேண்டாம் என்றாலும். ஆயிரம் ரூபாய் நாள் என்ற பேச்சு கரையில் எப்போதும் இருக்கும். நல்ல இறால் பாடு விழுந்த அன்று அது உண்மை. விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழித்து, மீதியில் படகு முதலாளியான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. சங்காயம் (கழிவு மீன்) மட்டும் ஏறிய நாளில் ஆட்கள் பங்கு முந்நூறில் நிற்கும். சில நடைகளில் அதுவும் கிடையாது.

அதைவிட முக்கியம், நாட்களின் எண்ணிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீதி 304 நாள், அதாவது 43 வாரம். ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. 43 வாரத்துக்கு மூன்று நடை வீதம் போட்டால், ஒரு புயல் சின்னமும் வராத வருடத்தில்கூட 130 நடைக்கு மேல் இல்லை. அதிலும் வாடைக்காற்று நாட்களும், படகு பிடிபட்டால் நடக்கும் வேலைநிறுத்த நாட்களும் போகும். மச்சான் காலண்டரில் ஒவ்வொரு நடைக்கும் ஒரு கோடு போடுவார். போன வருடம் எண்ணிப் பார்த்தோம், 96 கோடு. சராசரியாக நடைக்கு 900 வந்திருக்கிறது. 86,400 ரூபாய். தடைக்கால நிவாரணம் 8,000 சேர்த்தால் 94,400. மாதத்துக்கு வகுத்தால் எட்டாயிரம்கூட இல்லை.

இதற்கு மேல் ஆபத்து இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர் தூரம்தான். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்தால் ஆள் சிறைக்கு, படகு அவர்கள் கரைக்கு. 2018இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை மிகக் கடுமையாக்கிய பிறகு, ஒரு படகு போனால் ஒரு குடும்பமே கீழே வருகிறது. கடலில் சுதந்திரம் இருக்கிறது, தலைமுறையாக வந்த அறிவு இருக்கிறது. அதெல்லாம் தெரிந்துதான் மச்சான் சொல்கிறார். அவர் சொல் சரி என்பது என் கருத்து.

அடுத்தது ஒரகடம். 2,18,400 என்பதை மாதத்துக்குப் பிரித்தால் 18,200. கடிதத்தின் பின்பக்கத்தை மேசையில் விரித்து, பையனை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். மொத்தச் சம்பளம் 16,000. கம்பெனி கட்டும் பி.எஃப். 1,200. கம்பெனி கட்டும் இ.எஸ்.ஐ. 520. பணிக்கொடைக்கு ஒதுக்குவது 480. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் 18,200 என்று காட்டியிருக்கிறார்கள். பிறகு 16,000இல் இருந்து அவன் பங்கு பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 120 போகும். கைக்கு வருவது 14,680. அறை வாடகையில் பங்கு, மெஸ், பஸ், தீபாவளி பொங்கலுக்கு ஊர் வந்து போகும் செலவு எல்லாம் போக, சிக்கனமாக இருந்தால் ஆறாயிரம் மிஞ்சும்.

கைக்கு வராத அந்த 1,200 + 1,200 வீண் போகவில்லை. அது அவன் பெயரில் சேருகிற பணம். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் விபத்து நடந்தாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீடு கலங்காது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கும் ஒரு வருடம் முடிந்தால் பணிக்கொடை உண்டு. பட்டறை எதிலும் கிடைக்காத பாதுகாப்பு இது. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் 14,680 என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 18,200 என்று நம்பிப் போனவன் முதல் மாதச் சம்பளம் வங்கியில் விழுந்த அன்றே ஏமாந்துபோவான். எதிர்பார்ப்பு எவ்வளவு என்று கேட்டால், கூடப் படித்தவனின் அண்ணன் வாங்குவதைச் சொல்வதால் பயனில்லை. அந்த ஊரில் தங்கிச் சாப்பிட எவ்வளவு ஆகும், வீட்டுக்கு எவ்வளவு அனுப்பியாக வேண்டும், இரண்டையும் கூட்டி அதன் மேல் கொஞ்சம் வைத்துச் சொல்லலாம். கூடவே அவர்களிடம் கேட்க வேண்டியவை: பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு, தங்குமிடம் உண்டா, இரவு ஷிப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, ஓவர்டைம் இரட்டிப்பாகத் தருகிறார்களா. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

கத்தார் கணக்கை அக்காவுக்காகவே விரிவாகப் போட்டேன். 2021 மார்ச் முதல் அங்கே குறைந்தபட்சக் கூலி மாதம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி தராவிட்டால் அதற்கு 500ம் 300ம் தனியாகத் தர வேண்டும். ரியாலுக்கு 24 ரூபாய் என்று வைத்தால் 24,000. போன், சோப்பு, சில்லறைச் செலவு போக 18,000 அனுப்பலாம். வருடத்துக்கு 2,16,000. அரசு வேலையை விட்டால் மற்ற எந்த வழியிலும் இந்த அளவு மிஞ்சாது. அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கணக்கு எங்கே கெடுகிறது என்றால், கிளம்பும்போது. ஆள் அனுப்பும் ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான், மொத்தம் 35,400. இரண்டு மாதம் அனுப்பும் பணத்தில் அது அடைந்துவிடும். நம் பக்கம் 1,20,000 கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை மூன்று வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால், மாதம் 3,600 வட்டி மட்டும். அனுப்புகிற 18,000ஐ அப்படியே கடனுக்குக் கட்டினாலும் எட்டு மாதம் ஆகும். அந்த எட்டு மாதமும் வீட்டுக்கு ஒரு ரூபாய் கிடையாது. மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிடலாம். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஆள் எடுக்கிறது. அங்கே கேட்காமல் வெளியே பணம் கட்டக் கூடாது.

இன்னொன்று என் சொந்த அனுபவம். எனக்குச் சொன்னது 1,500 திர்ஹம். ஒப்பந்தத்தில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 700, மற்றதெல்லாம் படியும் ஓவர்டைமும். கையெழுத்துப் போடும்போது கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தேன். கிளம்பும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. அந்த நாட்டுச் சட்டப்படி முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம் பணிக்கொடை. அது பேசிக்கில்தான் கணக்கு. 700க்கு வருடம் 490 திர்ஹம், ஐந்து வருடத்துக்கு 2,450. 1,500உம் பேசிக்காக இருந்திருந்தால் 5,250 வந்திருக்கும். அந்த வித்தியாசத்தில் அம்மாவின் கண் ஆபரேஷனை ஒரு வருடம் முன்னாலேயே முடித்திருப்பேன். வெளிநாட்டு ஒப்பந்தம் கையில் வந்தால் முதலில் பேசிக் எவ்வளவு என்று பாருங்கள். விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஹெல்ப்பர் என்று போனவன் எத்தனை வருடம் இருந்தாலும் பெரும்பாலும் ஹெல்ப்பராகவே திரும்புகிறான். டீசல் மெக்கானிக் என்று கைத்தொழிலோடு போகிறவனுக்குத் தொடக்கமே வேறு.

அரசு வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். குரூப் 4 இளநிலை உதவியாளருக்கு அடிப்படை 19,500. 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58 சதவீதம், அதாவது 11,310. இரண்டும் சேர்ந்து 30,810, வீட்டு வாடகைப்படி தனி. சொந்த மாவட்டத்திலேயே வேலை கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. பணத்திலும் பாதுகாப்பிலும் இதற்கு ஈடாக நோட்டில் எதுவும் இல்லை. ஆனால் 2024 தேர்வை எழுதியவர்கள் சுமார் 15.8 லட்சம் பேர், கடைசியில் இருந்த இடங்கள் சுமார் 9,500. ஏறத்தாழ நூற்று அறுபத்தாறு பேருக்கு ஒரு இடம். எழுதுவது நல்லது. அதற்காக மூன்று வருடம் வேலைக்கே போகாமல் உட்கார்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் கடைக்கு எதிரே ஒரு பையன் அப்படித்தான் இருபத்தாறு வயது வரை இருந்தான். இப்போது கம்பெனிக்குப் போனால் பதினெட்டு வயதுக்காரர்களோடு வரிசையில் நிற்கிறான்.

அப்புறம் பட்டறை. தொடக்கத்தில் நாளுக்கு 500 தருவதாகப் பாம்பன் மெக்கானிக் சொன்னார். மாதம் 26 நாள் என்றால் 13,000. வீட்டில் சாப்பாடு, வீட்டில் படுக்கை. பெட்ரோலும் கைச்செலவும் மூவாயிரம் போனால் பத்தாயிரம் மிஞ்சும். ஒரகடத்தில் ஆறு, பி.எஃப். இரு பங்கும் சேர்த்தால் 8,400. பட்டறையில் பத்து, பாதுகாப்பு ஏதுமில்லாமல். வித்தியாசம் மிகச் சின்னது. சம்பளக் கடிதத்தைப் பார்த்து யாரும் இப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

கரையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயமும் உண்டு. மீனவனுக்கு வருமானம் நிற்கும் அந்த 61 நாளில்தான் மெக்கானிக்குக்குத் தூங்க நேரம் கிடைக்காது. எல்லாப் படகும் கரையில் நிற்கும், எல்லா இன்ஜினையும் இறக்குவார்கள், ஜூன் 14க்குள் முடித்தாக வேண்டும். அந்த இரண்டு மாதம் என் கடையிலும் அதே கதைதான்.

பட்டறையின் குறைகளை மறைக்க மாட்டேன். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. பெல்ட்டில் விரல் மாட்டினால் செலவு நம்முடையது. வங்கிக் கணக்கில் இருந்து வருடம் 20 ரூபாய் பிடிக்கும் அரசு விபத்துக் காப்பீட்டில் இரண்டு லட்சம் வரை உண்டு, அதைக் கட்டாயம் போட வேண்டும். ஆனாலும் அது இ.எஸ்.ஐ.க்கு ஈடாகாது. சொந்தமாகத் தொழில் தொடங்கிய பிறகு வசூல்தான் பெரிய தலைவலி. "பாடு விழுந்ததும் தர்றேன்" என்று சம்மாட்டி சொன்னால் மறுக்க முடியாது. என் கடை நோட்டிலேயே அப்படி நிற்கும் பாக்கி நிறைய.

இதுவரை பணத்தைப் பற்றி. வேலையில் மனநிறைவு எதிலிருந்து வருகிறது என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹெர்ஸ்பெர்க் என்பவர் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் இருநூறு இன்ஜினியர்களையும் கணக்கர்களையும் கேட்டு 1959இல் வெளியிட்ட முடிவு: சம்பளம் குறைவு, மேலதிகாரி மோசம், விதிமுறைகள் மோசம் என்பவை மனத்தைக் கெடுக்கின்றன. ஆனால் அவற்றைச் சரிசெய்தால் கெடுதல் நிற்கிறதே தவிர, மகிழ்ச்சி வருவதில்லை. மகிழ்ச்சி வந்தது ஒன்றைச் செய்து முடித்ததிலிருந்தும், அதை மற்றவர் மதித்ததிலிருந்தும், செய்கிற வேலையே பிடித்திருந்ததிலிருந்தும்தான். 1996இல் கிளார்க், ஆஸ்வால்ட் இருவரும் ஐயாயிரம் பிரிட்டிஷ் தொழிலாளர்களின் விவரங்களை வைத்துப் பார்த்தபோது, தன்னைப் போன்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்களோ அதை வைத்தே ஒருவரின் திருப்தி கூடுவதும் குறைவதும் தெரிந்தது. கூடப் படித்தவனின் அண்ணன் வாங்கும் இருபத்தைந்தாயிரம் இவன் வாயில் வந்தது அப்படித்தான்.

பணம் முக்கியமில்லை என்று மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. வருடம் 75,000 டாலருக்கு மேல் போனால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று 2010இல் கானமனும் டீட்டனும் எழுதியது பெரிதாகப் பேசப்பட்டது. 2023இல் கானமனே வேறு இருவரோடு சேர்ந்து, பெரும்பாலானோருக்கு அதற்கு மேலும் கூடிக்கொண்டே போகிறது என்று திருத்தினார். நம் வீட்டு நோட்டில் இருக்கும் எண்கள் அந்த வாதத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. இந்த நிலையில் ஒவ்வொரு ஆயிரமும் நிம்மதியைக் கூட்டும்.

எங்கள் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். கைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் இருந்து பறிக்கிற வேலை, உடம்பை முறிக்கும். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாசி மறுபடி வளர வேண்டும் என்பதற்காக. அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. அந்த வேலையில் காசு குறைவு, வனத்துறையோடு சிக்கல்களும் உண்டு. அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் எந்த நாள் இறங்குவது என்பதைத் தாங்களே தீர்மானிக்கிறவர்கள் பேசும்போது குரலில் ஒரு உறுதி இருக்கிறது. துபாயில் ஆறு வருடத்தில் என் குரலில் அது இருந்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பையனைக் கரைக்குக் கூட்டிப்போனேன். ஒரு ஆறு சிலிண்டர் இன்ஜின் கரும்புகை விட்டுக்கொண்டு தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே இவன் குனிந்து, ஓடும் இன்ஜினில், டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகக் கால் சுற்று தளர்த்தி மறுபடி இறுக்கினான். முதலாவதைத் தளர்த்தியதும் இன்ஜின் இன்னும் தடுமாறியது. இரண்டாவது, மூன்றாவதும் அப்படியே. நான்காவதைத் தளர்த்தினான், சத்தம் துளியும் மாறவில்லை. "இதுதான் வேலை செய்யல மாமா, இந்த நாசில மட்டும் கழட்டினா போதும்" என்றான். பெரிய மெக்கானிக் திரும்பிப் பார்த்து, பதினேழாம் நம்பர் ஸ்பேனரை அவன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த படகுக்குப் போய்விட்டார். அவன் முகத்தை அப்போது பார்த்தேன்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு அவசரக் கடன் இல்லையென்றால் மூன்று வருடம் பட்டறை. காலையில் இரண்டு மணி நேரம் படிக்கப் பிடித்தால் குரூப் 4 எழுதட்டும், பிடிக்காவிட்டால் கட்டாயப்படுத்தக் கூடாது. கத்தாருக்குப் போவதாக இருந்தால் அந்த மூன்று வருடத்துக்குப் பிறகு, டீசல் மெக்கானிக்காக. மூன்று வட்டிக் கடன் கழுத்தைப் பிடிக்கும் வீடு என்றால், சட்டப்படியான கட்டணத்தில் இப்போதே கத்தார். வீட்டில் நோயாளி இருக்கிறார், இ.எஸ்.ஐ. அட்டை இல்லாமல் முடியாது என்றால் ஒரகடம். அக்காவுக்கு இருப்பது வங்கி நகைக்கடன். அது காத்திருக்கும்.

அக்கா இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனிக்குப் பதில் எழுத ஜூன் 20 வரை நேரம் இருக்கிறது. அதுவரை பையன் பட்டறைக்குப் போய் வருகிறான், அவன் கை வைத்த இன்ஜின் இதுவரை மூன்று. ஜூன் 14 நள்ளிரவு தடை முடிந்து அந்த மூன்று படகும் கடலுக்குப் போகும். அவை எப்படிப் போய்த் திரும்புகின்றன என்று பார்த்துவிட்டு, 15ஆம் தேதி சாயங்காலம் இந்த நோட்டோடு அக்கா வீட்டில் மறுபடி உட்கார்கிறோம்.